வேளாண் பட்ஜெட் வந்தது. வேளாண் கணக்கு எப்போது வரும்?

மார்ச் 15ஆம் தேதி தமிழகத்தின் ஐந்தாவது வேளாண் பட்ஜெட் சட்டப்பேரவையில் தாக்கலானது. 2025-26ஆம் ஆண்டுக்கு ரூ.45,661 கோடி. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு மானியம், யாருக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் வாசகர்கள் இதற்குள் படித்திருப்பீர்கள். மார்ச் 31ஆம் தேதியோடு பழைய நிதியாண்டும் முடிந்துவிட்டது. அறிவிப்புகளைப் பேசி முடித்துவிட்ட இந்த நேரத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுவது நல்லது. போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அறிவித்த பணத்தில் எவ்வளவு செலவானது, எந்த மாதம் செலவானது?

2021 ஆகஸ்ட் 14ஆம் தேதி வந்த முதல் வேளாண் பட்ஜெட்டின் தொகை ரூ.34,220 கோடி. 2022-23க்கு ரூ.33,007 கோடி. 2023-24க்கு ரூ.38,904 கோடி. 2024-25க்கு ரூ.42,281 கோடி. இவையெல்லாம் தலைப்புச் செய்தியாக வந்த எண்கள். ஆனால் இவற்றுக்கு எதிரே 'செலவானது' என்று ஓர் எண்ணை எழுத முயன்று பாருங்கள். ஒரே இடத்தில் அந்த எண் கிடைக்காது.

இதற்குக் காரணம் உண்டு. வேளாண் பட்ஜெட் என்பது பல துறைகளில் உழவுத் தொழிலுக்காக ஒதுக்கப்படும் பணத்தை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் அறிக்கை. சட்டப்பேரவை அந்தப் பணத்துக்கு ஒப்புதல் தருவது துறைவாரியான மானியக் கோரிக்கைகள் வழியாகத்தான். வேளாண்மை – உழவர் நலத்துறைக்குக் கோரிக்கை எண் 5, கால்நடை பராமரிப்புக்கு எண் 6 என்று தனித்தனியாக இருக்கும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்துக்கு அரசு மின்வாரியத்துக்குக் கொடுக்கும் தொகை எரிசக்தித் துறையின் கணக்கில் வரும். முதல் வேளாண் பட்ஜெட்டில் மட்டும் அது ரூ.4,508 கோடி. 2021 பிப்ரவரியில் அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ரூ.12,110 கோடி, அதற்காகச் சங்கங்களுக்கு அரசு கொடுக்கும் தவணை கூட்டுறவுத் துறையின் கணக்கில் இருக்கும். வாய்க்கால் தூர்வாரிய செலவு நீர்வளத்துறையில். ஆண்டு முடிந்து கணக்கைத் தொகுக்கும்போது, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி, கோரிக்கை எண் வாரியாகவும் கணக்குத் தலைப்பு வாரியாகவும்தான் தொகுப்பார். 'வேளாண் பட்ஜெட்' என்று அதில் ஓர் அத்தியாயம் கிடையாது. அறிவிக்கும்போது எல்லாம் ஒரே மூட்டையாக வருகிறது. கணக்குக் காட்டும்போது மூட்டை பிரிந்து ஏழெட்டுத் துறைகளுக்குள் போய்விடுகிறது.

தனி வேளாண் பட்ஜெட் வேண்டும் என்பது விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது. வந்தது நல்லதுதான். ஆனால் அதே தலைப்புகளில், அதே வரிசையில், ஆண்டு முடிந்து சில மாதங்களுக்குள் ஒரு வேளாண் கணக்கும் வராதவரை அது பாதி வேலைதான்.

மூன்று போகம் கழித்து வரும் எண்

அரசு தரும் வரவு செலவுத் திட்டப் புத்தகங்களைத் திறந்தால் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் எதிரே நான்கு கட்டங்கள் இருக்கும். இந்த மார்ச்சில் வந்த புத்தகத்தில் அவை: 2023-24 கணக்கு, 2024-25 மதிப்பீடு, 2024-25 திருத்திய மதிப்பீடு, 2025-26 மதிப்பீடு. இதில் உண்மையில் செலவானது எவ்வளவு என்று காட்டுவது முதல் கட்டம் மட்டும். மற்ற மூன்றும் மதிப்பீடுகள்.

அதாவது 2023ஆம் ஆண்டு குறுவைக்கு விதைத்தவர், அந்த ஆண்டுக்கான பணம் எவ்வளவு செலவானது என்பதை 2025 மார்ச்சில்தான் பார்க்க முடிகிறது. அதற்குள் 2023 சம்பா, 2024 குறுவை, 2024 சம்பா என்று மூன்று போகம் அறுத்துக் களம் கண்டாகிவிட்டது. அப்போதும் கிடைப்பது மாநிலம் முழுமைக்குமான ஒரு கூட்டுத் தொகை. உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு, உங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு என்பது அதில் இல்லை. சிஏஜி மாதந்தோறும் மாநிலத்தின் வரவு செலவு நிலவரத்தைத் தன் இணையதளத்தில் போடுகிறார். அதுவும் மொத்தத் தொகைதான். ஜிப்சத்துக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்பது தெரியாது.

இது வெறும் கணக்கு. தணிக்கை இன்னும் பின்னால் வருகிறது. அரசியலமைப்பின் 151ஆவது பிரிவின்படி, மாநிலக் கணக்குகள் பற்றிய சிஏஜி அறிக்கை ஆளுநரிடம் போகும். அவர் அதைச் சட்டப்பேரவையில் வைக்கச் செய்வார். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை. டெல்லியில் நடந்தது இதற்கு அண்மை உதாரணம். பல ஆண்டுகளுக்கான சிஏஜி அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமலே கிடந்தன. கடந்த ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தத் தாமதத்தைக் கண்டித்தது; ஆனால் இதற்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. ஆட்சி மாறிய பிறகு பிப்ரவரி 25ஆம் தேதிதான் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே ஓட்டை திறந்துதான் இருக்கிறது.

உழவர்களை நேரடியாகத் தொடும் உதாரணமும் இருக்கிறது. 2011-12 முதல் 2015-16 வரை நாட்டில் நடந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டங்களை சிஏஜி ஆய்வு செய்தார். ஆய்வில் பேசிய விவசாயிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தத் திட்டங்களைப் பற்றியே தெரியவில்லை. பயன்பெற்றவர்களின் விவரம் முறையாகப் பராமரிக்கப்படவில்லை. தனியார் நிறுவனங்களுக்குப் பெருந்தொகை போயும் அவற்றின் கணக்கைச் சிஏஜி பார்க்க வழிவகை செய்யப்படவில்லை. அருமையான அறிக்கை. நாடாளுமன்றத்துக்கு வந்தது 2017 ஜூலையில். ஆனால் 2016 காரீப் பருவத்திலேயே பிரதமரின் புதிய பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்து, பழைய திட்டங்களில் முக்கியமானவை போயிருந்தன. நோயாளி மருத்துவமனையை விட்டுப் போன பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது போல.

ஜிப்சம் எந்த மாதம் வந்தது?

மற்ற துறைகளிலும் கணக்குத் தாமதமாகத்தான் வருகிறது, வேளாண்மைக்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்கலாம். ஒரு பள்ளிக் கட்டடத்தை ஜூலையில் கட்டினாலும் பிப்ரவரியில் கட்டினாலும் கட்டடம் கட்டடம்தான். பயிர் அப்படி இல்லை.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். விதைத்த 40 முதல் 45 நாளில், மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறோம். அப்போதுதான் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கும். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது. வேர் வழியாக மேலே போன சத்து அங்கிருந்து காய்க்கு இறங்கி வருவது மிகவும் குறைவு. அந்த நேரத்தில் விழுதைச் சுற்றி ஜிப்சம் இல்லையென்றால் பொக்குக் காய் கூடும், எடை குறையும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பயிருக்குப் பயனில்லை.

ஆனியில் மானாவாரிக் கடலை விதைத்த ஊருக்கு மானிய ஜிப்சம் ஆவணி கடந்து வந்தால் என்ன ஆகும்? வாங்கி வைப்பார்கள். சிலர் அடுத்த பயிருக்குப் போடுவார்கள். மூட்டை நனைந்து இறுகிப் போவதும் உண்டு. ஆனால் மார்ச் 31ஆம் தேதி கணக்கைப் பார்த்தால் 'ஒதுக்கீடு இவ்வளவு, செலவு இவ்வளவு, நூறு சதவீதம்' என்றுதான் இருக்கும். கணக்கில் பொய் எதுவும் இல்லை. பணம் செலவாகிவிட்டது, ஜிப்சமும் விநியோகமாகிவிட்டது. வயலில் கடலை மட்டும் பொக்காகப் போனது. ஆண்டுக் கணக்குக்கு மாதம் தெரியாது, பட்டம் தெரியாது.

தக்கைப்பூண்டு விதைக்கும் இதே கதைதான். நடவுக்கு முன்னால் விதைத்து, ஆறேழு வாரத்தில் பூப்பதற்குள் மடக்கி உழ வேண்டிய பயிர் அது. நாற்றங்கால் விட்ட பிறகு விதை வந்தால் மாட்டுக்குத் தீவனமாகக்கூட விதைக்க இடம் இருக்காது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நிர்வாக ஒப்புதல், அரசாணை, நிதி விடுவிப்பு, கொள்முதல் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வட்டாரத்துக்கு வருவதற்குள் ஆனி, ஆடி ஆகிவிடுவது உண்டு. டெல்டாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவிக்கிறார்கள், 2023இல் ரூ.75.95 கோடி, 2024இல் ரூ.78.67 கோடி. அறிவிப்புச் செய்தி ஒரே நாளில் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. எந்த வட்டாரத்துக்கு எந்தத் தேதியில் விதை வந்தது, உரம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பேருக்குப் போனது என்பதும் அதே வேகத்தில் தெரிய வேண்டாமா?

களப்பணியாளர்களுக்கும் இதில் ஒரு சொந்த நலன் இருக்கிறது. இருப்பு வராததற்கு உதவி வேளாண்மை அலுவலர் காரணமாக இருப்பதில்லை. ஆனால் ஊரில் நின்று திட்டு வாங்குவது அவர்தான். 'யாருக்கோ கொடுத்துவிட்டு இல்லை என்கிறார்' என்ற சந்தேகமும் அவர்மேல்தான் விழும். நிதி எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது என்பது பலகையில் எழுதியிருந்தால் அந்தப் பழி அவரைத் தொடாது. கடைசி மாதத்தில் இலக்கை முடிக்கச் சொல்லி மேலிருந்து வரும் நெருக்கடியும் வெளியில் தெரியும். மார்ச்சில் அவசரமாகக் கொடுக்கப்படும் தெளிப்பானும் தார்ப்பாயும் எத்தனை என்று மாதவாரிக் கணக்கு வந்தால் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

கணக்கு தாமதமானால் அடுத்த தவணையும் தாமதம்

மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பணம் போடும் திட்டங்கள் வேளாண்மையில் நிறைய. இவற்றில் கொடுத்த பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை வரும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இன்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் இந்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். வட்டாரத்தில் பட்டியல் தேங்கினால் மாவட்டத்தில் தேங்கும். மாவட்டத்தில் தேங்கினால் சென்னையில் தேங்கும். கடைசியில் டெல்லியிலிருந்து வர வேண்டிய பணம் தேங்கும். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டு மானியத்துக்காகக் காத்திருப்பவரிடம் 'இன்னும் நிதி வரவில்லை சார்' என்பார்கள். ஏன் வரவில்லை என்பதற்கான விடை சில நேரங்களில், போன ஆண்டின் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதாக இருக்கும்.

பயிர்க் காப்பீட்டில் இது இன்னும் கூர்மையானது. நெல்லுக்குக் காரீப்பில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம் பிரீமியத்தை விவசாயி கட்டுகிறார். மீதியை மத்திய, மாநில அரசுகள் மானியமாகக் கட்ட வேண்டும். மாநிலப் பங்கு நிறுவனத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இழப்பீடும் நகராது. இதற்காகவே 2018இல் திருத்திய வழிகாட்டி விதிகளில், இழப்பீட்டைத் தாமதிக்கும் நிறுவனமும் தன் பங்கைத் தாமதிக்கும் மாநிலமும் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆனால் மாநிலப் பங்கு எந்தத் தேதியில் போனது என்று தெரியாத விவசாயி, அந்த வட்டியை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டுக் கேட்பார்? தமிழக வேளாண் பட்ஜெட்டில் பயிர்க் காப்பீட்டுக்கான ஒதுக்கீடு 2024-25இல் ரூ.1,775 கோடியாக இருந்தது. 2025-26இல் அது ரூ.841 கோடி. பாதிக்கும் குறைவு. பிரீமிய விகிதம் குறைந்ததால் சேமிப்பா, பரப்பு குறையுமா, பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறதா? போன ஆண்டின் செலவுக் கணக்கு இப்போதே கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். இது குறை சொல்வதற்கான கேள்விகூட இல்லை. சம்பாவுக்குக் காப்பீடு செய்யப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

திறந்து வைத்தால் என்ன நடக்கும்?

2020ஆம் ஆண்டு பிரதமரின் கிசான் நிதித் திட்ட முறைகேடு நினைவிருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டு, சுமார் ரூ.110 கோடி அவர்கள் கணக்குகளுக்குப் போனது. வட்டார அலுவலகங்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டன. அது வெட்கக்கேடான நிகழ்வு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது நடந்த சில மாதங்களிலேயே, ஆகஸ்டில், வெளிவந்துவிட்டது. சிபிசிஐடி விசாரணை தொடங்கியது, பணத்தைத் திரும்பப் பெறும் வேலையும் உடனே ஆரம்பமானது. எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உடனுக்குடன் தெரிந்ததால்தான் திடீர் ஏற்றம் கண்ணில் பட்டது. அதே விவரம் ஆண்டுக் கணக்கில் ஒரு கூட்டுத் தொகையாக மட்டும் வந்திருந்தால், நாம் இப்போதுதான் அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம்.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வழிசெய்தது. இதற்கு முன்னோடி ராஜஸ்தான். அங்கு 1994 டிசம்பரில், பாலி மாவட்டம் கோட் கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், உழவர் அமைப்பு வேலைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்க வாசித்தது. செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று எல்லாம் வாசிக்க வாசிக்க வெளியே வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான இயக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. அதே ராஜஸ்தானில் 2019இல் 'ஜன் சூச்னா' என்ற இணையதளத்தை அரசே தொடங்கியது. யாரும் மனுப் போடாமலே ஊர்வாரியாகத் திட்ட விவரங்களை அதில் பார்க்கலாம்.

தமிழகத்தில் இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அரசின் பட்டியல்கள் எல்லாம் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் வழியாகக் கணினியிலேயே கருவூலத்துக்குப் போகின்றன. எந்த அலுவலகம், எந்தத் தலைப்பில், எந்த நாளில், எவ்வளவு எடுத்தது என்பது அரசுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியிட முடிவு செய்வதுதான் பாக்கி. அந்த முடிவும் சட்டப்படி எடுக்கப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தன் நிதி ஒதுக்கீடு, கொடுத்த தொகை, மானியத் திட்டங்களின் செயல்பாடு, அவற்றின் பயனாளிகள் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. இருபது ஆண்டாகிறது. பல வட்டார அலுவலகங்களில் சுவரில் இருப்பது திட்டத்தின் பெயரும் மானிய சதவீதமும் மட்டுமே.

பயனாளிகள் பட்டியலை வெளியிட்டால் தனிநபர் விவரம் கசியும் என்று ஒரு வாதம் உண்டு. ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை வெளியே வரக்கூடாது என்பது நியாயம். மோசடிக்காரர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்கள். ஆனால் பெயர், ஊர், திட்டம், தொகை, தேதி ஆகியவற்றை மறைக்க அது காரணமாகாது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் தொடர்பான விலக்கை மிகவும் அகலப்படுத்துகிறது. மானியப் பட்டியலைக் கேட்பவருக்கு இதைக் காட்டியே கதவைச் சாத்த வாய்ப்பிருக்கிறது. விவசாயச் சங்கங்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திரக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பெரும்பாலும் தனிப்பட்ட மனுக்களே குவிகின்றன. அதோடு வட்டாரக் கணக்கையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். தகவல் உரிமை மனு போடுவதென்றால், மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை அவர்களே 5 நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

கேள்வி எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதி வெற்றி. 'விவசாயிகளுக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் ஒரு துண்டுப் பிரசுரம் வரும். '2024-25இல் இந்த வட்டாரத்துக்கு ஜிப்சத்துக்காக ஒதுக்கிய தொகை எவ்வளவு, நிதி விடுவித்த தேதி எது, இருப்பு வந்த தேதி எது, விநியோகம் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எவை, மார்ச் மாதத்தில் மட்டும் விநியோகித்த அளவு எவ்வளவு' என்று கேளுங்கள். தொகையைவிடத் தேதிகளில்தான் உங்களுக்கு வேண்டிய செய்தி இருக்கும். ஒரே பயிரை ஒரே திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்குக் கேட்டு வாங்கினால், உங்கள் பட்டத்துக்கும் அரசின் பட்டத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று காகிதத்தில் தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினால் அதிகாரிகளும் காது கொடுப்பார்கள். அவர்களுக்கும் மேலிடத்தில் காட்ட ஓர் ஆதாரம் வேண்டும்.

அடுத்த கிராம சபை மே 1ஆம் தேதி. வேளாண்மைத் துறை அலுவலரை வரச் சொல்லி ஊராட்சி வழியாக இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். போன ஆண்டு ஊரில் யார் யாருக்கு என்ன மானியம் வந்தது என்ற பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி, வாசித்ததையோ வாசிக்க மறுத்ததையோ தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். ஆனி விதைப்புக்கான ஜிப்சம் எந்தத் தேதியில் வட்டாரக் கிடங்குக்கு வரும் என்ற கேள்வியையும் அன்றே எழுதி வைத்தால், ஆடிக் கடைசியில் அதை எடுத்துப் பார்க்கலாம்.